அப்பாவின் உயிலும் கரந்தை கல்யாணப் பத்திரிகையும்

அப்பா 2022 ஜூலையில் இறந்தார். காரியமெல்லாம் முடிந்து, பந்தல்காரர் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போன மறுநாள், அம்மா பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். புரசைவாக்கம் வீட்டின் தாய்ப்பத்திரம், வரி ரசீதுகள், பழைய கல்யாணப் பத்திரிகைகள், இவற்றுக்கு நடுவில் இரண்டு பக்கம் தட்டச்சு செய்த ஒரு உயில். 2009 மார்ச் தேதி. வெள்ளைத் தாள்தான், முத்திரைத்தாள் இல்லை. பதிவும் செய்யவில்லை. வெறும் தாளில் எழுதினால் செல்லாதோ என்று அண்ணன் துபாயிலிருந்து பதறினான். உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் சரியாக இருந்தால் போதும் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

அந்த 'சரியாக இருந்தால்' என்ற வார்த்தைக்குள்தான் எங்களுக்கு இரண்டு வருஷம் போனது.

முதல் தப்பு என்னுடையது. உயிலை ஜெராக்ஸ் எடுக்கும்போது தாள் மடங்குகிறதே என்று ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிட்டு, எடுத்து முடித்ததும் வேறு பின் குத்தினேன். பல மாதம் கழித்து வக்கீலம்மா அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க நாலு ஓட்டை இருக்கே, ஏன்?" என்று கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு பக்கத்தை மாற்றிவிட்டு மறுபடி குத்தியிருக்கலாம் அல்லவா என்று யாரும் கேட்கலாம். அதற்காகவே கோர்ட்டில் கொடுத்த மனுவில் தனியாக ஒரு பத்தி சேர்க்க வேண்டி வந்தது. உயில் கையில் கிடைத்தால் பின்னைப் பிடுங்காதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், ஓரத்தில் போன் நம்பர் குறிக்காதீர்கள். இருந்தபடியே செல்போனில் படம் எடுத்துவிட்டு ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

உயிலில் அப்பா எழுதியிருந்தது சிக்கலானது இல்லை. வீடு அம்மாவுக்கு, சர்வ சுதந்திர பாத்தியதையோடு, அதாவது முழு உரிமையோடு. மற்ற எல்லாமும் அம்மாவுக்கே. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு, அதாவது எக்ஸிக்யூட்டர், பெரியப்பா. சாட்சிகள் இரண்டு பேர்: எதிர்வீட்டு எல்.ஐ.சி. மாமா, அப்பாவோடு தினமும் நடைப்பயிற்சி போகும் போஸ்டாபீஸ் மாமா. மூவரும் அப்பாவைவிட வயதில் மூத்தவர்கள். அப்பாவுக்கு நம்பிக்கை என்றால் அது பெரியவர்கள் மேல்தான். பெரியப்பா 2015-லேயே போய்விட்டார். எல்.ஐ.சி. மாமா 2020-இல் கொரோனாவில் போனார். போஸ்டாபீஸ் மாமா வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு போய்விட்டார். எந்த ஊர் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

இதெல்லாம் அப்போது எங்களுக்கு உறைக்கவே இல்லை. இறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே எடுத்துக்கொண்டோம். அம்மாவை நாமினியாகப் போட்டிருந்ததால் வங்கி டெபாசிட்டுகளும் குடும்பப் பென்ஷனும் அதிகம் அலையாமல் வந்தன. ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன்: வங்கி டெபாசிட்டில் நாமினி என்றால் சொந்தக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தபோது இரண்டாவது தப்பு. என் அக்கா 2017-இல் இறந்துவிட்டாள். அவள் இடத்தில் அத்தான் பெயரையும் பையன் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனுக்கு முன்பே இறந்த மகளின் பிள்ளைகள்தான் முதல்நிலை வாரிசு. மருமகன் இல்லை. விசாரணைக்கு வந்த வருவாய் ஆய்வாளர் சொன்ன பிறகு திருத்தினோம். அத்தான் முகம் கொஞ்சம் சுருங்கியது. அவரைக் கேட்காமல் எழுதி, கேட்காமல் நீக்கியது சரியில்லைதான்.

புரொபேட் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது பில்டர் மூலமாக. பழைய வீட்டை இடித்து ஜாயின்ட் வென்ச்சரில் கட்டலாம் என்று பேசினோம். பத்திரங்களைப் பார்த்த அவருடைய வக்கீல் ஒரே கேள்வி கேட்டார்: "உயிலுக்கு புரொபேட் ஆயிடுச்சா?" உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் கொடுக்கும் சான்றுக்குத்தான் அந்தப் பெயர்.

மதுரையில் சித்தப்பா எழுதி வைத்த உயிலுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லையே என்றேன். அங்கேதான் வித்தியாசம். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213 பிரிவுகளின்படி, பழைய ராஜதானி நகரங்களான சென்னை, மும்பை ஆகியவற்றில் ஐகோர்ட்டின் அசல் உரிமையியல் எல்லைக்குள், அதாவது ஐகோர்ட்டே நேரடியாக சிவில் வழக்கு விசாரிக்கும் எல்லைக்குள், இந்துக்கள் எழுதும் உயிலுக்கும், வேறு எங்கே எழுதினாலும் அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலத்துக்கும் அப்போது புரொபேட் வேண்டியிருந்தது. அது இல்லாமல் உயிலை வைத்து கோர்ட்டில் உரிமை நாட்ட முடியாமல் இருந்தது. முஸ்லிம்களுக்கு அப்போதும் இது கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்கு கொடுத்தார்கள். மதுரையில் எழுதி, மதுரையிலேயே சொத்து வைத்திருந்த சித்தப்பா இந்த வளையத்துக்கு வெளியே.

சரி, உயிலையே மறந்துவிட்டு நாங்கள் எல்லோரும் அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று அண்ணன் சொன்னான். சண்டை இல்லாத குடும்பங்கள் நிறைய பேர் செய்வது அதுதான். ஆனால் அக்கா மகன் அப்போது பிளஸ் ஒன். மைனர் பங்கை கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் விட்டுக்கொடுக்க முடியாது, அவனைப் பெற்ற அப்பாவே ஆனாலும். எப்படிப் போனாலும் கோர்ட் வாசலை மிதித்துத்தான் ஆக வேண்டும் என்றானது.

வக்கீலம்மா முதல் நாளே சொன்னார், நீங்கள் கேட்பது புரொபேட்டே இல்லை என்று. எக்ஸிக்யூட்டர் உயிரோடு இருந்து அவர் மனுப் போட்டால்தான் அது புரொபேட். அவர் போய்ச் சேர்ந்துவிட்டால், உயிலின்படி எல்லாவற்றையும் பெறுகிறவர் போட வேண்டும். அதற்குப் பெயர் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், உயிலை இணைத்துக் கொடுப்பது. பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இதில் அம்மா பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஜாமீனுக்கு ஆள் நிற்க வேண்டும். பெரியப்பாவுக்குப் பதில் அண்ணன் பெயரையோ என் பெயரையோ அப்பா எழுதியிருந்தால் அந்த வேலை மிச்சம்.

அடுத்துக் கேட்டார்: "சாட்சி யாராவது இருக்காங்களா?"

ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் எங்கே என்று தெரியவில்லை என்றோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். அதுவும் தன் கையெழுத்தை மட்டும் அடையாளம் காட்டினால் போதாது, எழுதியவர் போட்டதையும் மற்ற சாட்சி போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார். இருவருமே இல்லாவிட்டால், கையெழுத்து அவர்களுடையதுதான் என்று வேறு ஆட்களை வைத்து நிரூபிக்கலாம். அதற்கு அவர்கள் கையெழுத்துள்ள பழைய காகிதங்களைத் தேட வேண்டும். "முதல்ல உயிரோட இருக்கறவரைத் தேடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அப்பாவின் டைரியில் மாமாவின் நம்பர் லேண்ட்லைனாக இருந்தது. அது எப்போதோ செத்துப்போன இணைப்பு. அவர் வேலை பார்த்த தபால் நிலையத்தில் அவரை அறிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதே மஞ்சள் பையை மறுபடி கொட்டி, "அவர் பொண்ணு கல்யாணத்துக்கு நாம போனோமே" என்று ஒரு பத்திரிகையை எடுத்தாள். மூலையில் மஞ்சள் தடவிய 2003 பத்திரிகை. நம் ஊர்ப் பத்திரிகையில் இல்லாத தகவலா? மணமகனின் அப்பா பெயர், தாத்தா பெயர், தஞ்சாவூர் கரந்தையில் தெருவோடு வீட்டு விலாசம். அத்தானுக்கு தஞ்சாவூரில் ஒரு நண்பர். அன்று சாயங்காலமே அவர் அந்தத் தெருவுக்குப் போய், சம்பந்தி வீட்டில் விசாரித்து, இரண்டு தெரு தள்ளி இருந்த மாமாவிடம் போனைக் கொடுத்தார்.

"உங்கப்பா போயிட்டாரா? எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றதுதான் அவர் முதல் வார்த்தை. உயிலைப் பற்றி அன்றைக்கு நான் பேசவே இல்லை.

மனுத் தாக்கல் 2023 ஏப்ரலில். இறந்து மூன்று வருஷத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. தாண்டினால் ஏன் இத்தனை தாமதம் என்று விளக்கம் எழுத வேண்டும். முதலில் எஸ்.ஆர். நம்பர் என்ற தற்காலிக எண்தான் விழும். குறைகளைச் சொல்லித் திருப்புவார்கள், சரிசெய்து மறுபடி கொடுத்தால் ஓ.பி. நம்பர் என்ற நிரந்தர எண் கிடைக்கும். எங்களுக்கு இரண்டு தடவை திரும்பியது, இரண்டும் நாங்கள் செய்தவை. ஒன்று, தமிழ் உயிலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'சர்வ சுதந்திர பாத்தியதை' என்பதை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் எழுதியிருந்தார்கள். இன்னொன்று இனிஷியல். தாய்ப்பத்திரத்தில் அப்பாவுக்கு இரண்டு இனிஷியல், ஊருக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று. ஆதாரில் ஒன்றே ஒன்று. இறப்புச் சான்றிதழில் தாத்தா பெயர் முழுதாக வால் மாதிரி பின்னால் தொங்கியது. காகிதத்தைப் பார்க்கிறவருக்கு இவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவரே என்று அம்மா பிரமாணப் பத்திரம் கொடுத்தாள். மனு ஆங்கிலத்தில் இருந்ததால், அதைத் தமிழில் படித்துக் காட்டி, புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டாள் என்றும் அடியில் எழுத வேண்டும். வக்கீலம்மா நிஜமாகவே ஒவ்வொரு பத்தியாகப் படித்துக் காட்டினார். "இவ்வளவு சொத்தா நம்மகிட்ட இருக்கு?" என்று அம்மா கேட்டது, வழிகாட்டி மதிப்பைப் போட்டு வீட்டுக்கு எழுதியிருந்த தொகையைப் பார்த்து.

உயிலின் அசல் கோர்ட்டுக்குப் போய்விடும். இதை முன்னாடியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து நம் கைக்கு வருவது கோர்ட் முத்திரையோடு இணைத்த நகல்தான், அசல் அங்கேயே பத்திரமாக இருக்கும். அம்மா அதைக் கொடுக்கும்முன் கடைசிப் பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டச்சுப் பக்கத்தில் அப்பா கைப்பட எழுதியது அவர் பெயர் மட்டும்தான்.

இனி நோட்டீஸ் கதை. உயில் இல்லாவிட்டால் யாருக்கெல்லாம் பங்கு வந்திருக்குமோ அவர்கள் எல்லோருக்கும் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போகும். தினசரியிலும் விளம்பரம் வரும். அண்ணன் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு சம்மதப் பத்திரம் அனுப்பிவிட்டான். நானும் கொடுத்தேன். அக்கா மகன் மைனர் என்பதால் அத்தான் கார்டியனாக இருந்து கொடுக்க வேண்டும். அவரிடம் சொல்லியிருந்தோம், கொடுக்கிறேன் என்று சொல்லியும் இருந்தார். ஆனால் அதற்கு முன்பே நோட்டீஸ் போய்விட்டது. கவரைப் பிரித்தது பையன். தன் பெயருக்கு முன்னால் 'மைனர்', பின்னால் 'எதிர்மனுதாரர்'. ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தான்.

"சித்தி, பாட்டி என் மேல கேஸ் போட்டிருக்காங்களா?"

அன்று என்னால் தூங்க முடியவில்லை. மறுநாள் அம்மாவும் நானும் நேரில் போனோம். உயிலில் அவனுக்கு எதுவும் எழுதவில்லை. 2009-இல் அவனுக்கு மூன்று வயது, அக்கா உயிரோடு இருந்தாள். பெண்களுக்குச் செய்ய வேண்டியதைக் கல்யாணத்திலேயே செய்துவிட்டேன் என்று அப்பா ஒரு வரி எழுதியிருந்தார். எனக்கும் சேர்த்துத்தான் அந்த வரி. அக்கா போன பிறகாவது அப்பா உயிலைத் திருத்தியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், இன்றைக்கும். அம்மா அத்தானிடம் அதிகம் பேசவில்லை. "கட்டடம் வந்ததும் ஒரு ஃப்ளாட் அவன் பேர்ல. நான் எழுதி வைக்கறேன்" என்றாள். அத்தான் அதற்காகத்தான் தயங்கினார் என்று சொல்ல மாட்டேன். அவர் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த வாரமே பத்திரம் வந்துவிட்டது. யாராவது ஒருவர் கேவியட் போட்டு ஆட்சேபித்தால் இந்த மனு டி.ஓ.எஸ். என்ற வழக்காக மாறும், பிறகு வருஷக்கணக்கில் இழுக்கும். நோட்டீஸ் தபாலில் போவதற்கு முன் நீங்கள் நேரில் போய்விடுங்கள். இந்த வேலையை வக்கீல் செய்ய முடியாது.

டிசம்பரில் சாட்சி விசாரணை. போஸ்டாபீஸ் மாமாவுக்கு அப்போது எண்பத்தைந்து. மகளோடு உழவன் எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்கினார். வேட்டி சட்டை, தோளில் துண்டு, கையில் வெற்றிலைப் பெட்டி. ஐகோர்ட் நுழைவாயிலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் சோதனை உண்டு. பெட்டிக்குள் பாக்குவெட்டி. அதை உள்ளே விட மாட்டார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மாமா விடுவதாக இல்லை. கடைசியில் வெளியே டீக்கடையில் பெட்டியைக் கொடுத்துவைத்துவிட்டு, வெறும் வாயோடு வந்தார். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அடையாள அட்டை, மாத்திரை, தண்ணீரோடு இதையும் கவனியுங்கள்.

விசாரணை மாஸ்டர் முன்னால். சாட்சியத்தைப் பதிவு செய்யும் கோர்ட் அதிகாரி அவர். சினிமா கோர்ட் மாதிரி எதுவும் இல்லை, மேஜை, நாற்காலி, தட்டச்சு செய்கிறவர், அவ்வளவுதான். வக்கீலம்மா முந்தைய நாள் மாமாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று: ஞாபகம் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். உயிலை அவர் கையில் கொடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது என் பேனா" என்றார்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். மாமா விளக்கினார்: அப்பாவின் பால்பாயின்ட் எழுதவில்லை, இவர் தன் மைப்பேனாவைக் கொடுத்தார், மூன்று கையெழுத்தும் ஒரே நீல மை. திண்ணையில் உட்கார்ந்து முதலில் அப்பா போட்டார், மை காய வாயால் ஊதினார், அப்புறம் எல்.ஐ.சி.க்காரர், கடைசியில் தான். அப்பா அன்றைக்குத் தெளிவாக இருந்தாரா என்று கேட்டதற்கு, "என்னைவிடத் தெளிவா இருந்தார். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறக்கலையே" என்றார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

2024 மார்ச்சில் உத்தரவு. பிணைப் பத்திரம், ஜாமீன் எல்லாம் முடிந்து முத்திரையிட்ட காகிதம் ஜூனில் கைக்கு வந்தது. அத்தோடு ஓய்ந்தது என்று நினைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருஷத்துக்குள் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். நாட்காட்டியில் குறித்துவைத்துச் செய்தோம். இன்னொன்று: இந்த உத்தரவு சொல்வது உயில் உண்மையானது என்பதை மட்டும்தான். அந்த வீடு அப்பாவுடையதுதானா என்பதற்குள் அது போகாது. பில்டரின் வக்கீல் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் காகிதம் வந்து ஒன்றரை வருஷத்தில், 2025 டிசம்பரில், நாடாளுமன்றம் அந்த 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. தமிழ்நாட்டில் சென்னைக்காரர்களுக்கு மட்டும் இருந்த கட்டாயம் போயிற்று. செய்தியைப் படித்துவிட்டு அண்ணன் அழுகிற பொம்மை ஒன்றை அனுப்பினான். ஆனால் எனக்கு அது வீண் அலைச்சலாகத் தோன்றவில்லை. உயிலை யாராவது மறுத்தால் இன்றைக்கும் சாட்சி வந்துதான் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணையில் இருந்த மூன்று பேரில் அப்போது மிச்சமிருந்தது மாமா மட்டும். அவரும் 2025 ஆடியில் போய்விட்டார்.

அம்மா போன மாதம் தன் உயிலை எழுதினாள். ஒரு ஃப்ளாட் பேரனுக்கு என்று தெளிவாக, பெயரில் ஆதாரில் உள்ள அதே இனிஷியலோடு. எக்ஸிக்யூட்டர் நான், நான் இல்லாவிட்டால் அண்ணன் மகள் என்று இரண்டாவது பெயரும் உண்டு. சாட்சிக்கு மாடியில் குடியிருக்கும் ஐ.டி. பெண்ணையும் எங்கள் மருந்துக்கடைப் பையனையும் கூப்பிட்டாள். இருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை, இருவருக்கும் உயிலில் ஒன்றும் கிடையாது. நிரந்தர விலாசம், செல் நம்பர், சொந்த ஊர் எல்லாம் தாளிலேயே எழுத வைத்தோம். கையெழுத்தெல்லாம் ஆன பிறகு அம்மா அந்தப் பெண்ணிடம், "கல்யாணம் ஆனா பத்திரிகை அனுப்பும்மா, விலாசத்தோட" என்றாள். அவள் வாட்ஸாப்பில் அனுப்புகிறேன் என்றாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.